மில் கட்டிய தண்ணீர் பேனர்: விளக்கக் கூட்டத்தில் என்ன கேட்பது?

ஆற்றோரத் தாமான் (கேள்வி; கீழே மற்றவர்களின் பதில்கள்)

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டப் பட்டணம். இங்குள்ள செம்பனை (பாமாயில்) மில்லின் கம்பெனி (பெயர் வேண்டாம்) மூன்று மொழியில் பேனர் கட்டியிருக்கிறது: "2030க்குள் ஒரு டன் குலைக்கான தண்ணீர்ப் பயன்பாட்டை 30% குறைப்போம்." அடிப்படை ஆண்டு 2021. கையேட்டில் உள்ள கணக்கு இது: 2021-ல் டன்னுக்கு 1.6 கன மீட்டர், இப்போது 1.28, இலக்கு 1.12. "ஏற்கெனவே 20% சாதித்துவிட்டோம்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மில்லின் திறன் மணிக்கு 45 டன் பழக்குலை.

இது போக, "ஆற்றில் கழிவு விடுவதில்லை" என்று ஒரு வரி. தமிழ்ப்பள்ளிக்கு மூன்று மழைநீர்த் தொட்டி, ஆற்றங்கரையில் மரக்கன்று நடுவிழா.

அடுத்த மாதம் விளக்கக் கூட்டத்துக்குக் குடியிருப்பாளர் சங்கத்தை அழைத்திருக்கிறார்கள். கைதட்டிவிட்டு மீ கோரேங் சாப்பிட்டுத் திரும்ப விருப்பமில்லை. உண்மையில் தண்ணீர் மிச்சமாகிறதா என்று கண்டுபிடிக்க எதைக் கேட்க வேண்டும்? "கம்பெனிக்காரன் எல்லாம் அப்படித்தான்" என்ற பதில் வேண்டாம், அந்த வேலையை எங்கள் வாட்ஸ்அப் குழு நன்றாகவே செய்கிறது.

பாய்லர் மேடை

முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள், பாதிக் கேள்வி தானாக வரும்.

ஒரு டன் குலைக்கு ஒழுங்கான மில் 1.0 முதல் 1.5 கன மீட்டர் வரை எடுக்கும். அதில் 0.5, 0.6 பாய்லருக்குப் போய்விடும். அந்த நீராவி டர்பைனைச் சுற்றிவிட்டு சுமார் 3 பார் அழுத்தத்தில் ஸ்டெரிலைசருக்குள் (குலையை வேகவைக்கும் கலன்) நேரடியாகக் குலைமேல் அடிக்கிறது. மிச்சம் தொட்டிகளைச் சூடாக்கப் போகிறது. எண்ணெயும் சேறும் கலந்து வெளிவருகிற அந்தத் தண்ணீரைத் திரும்பப் பாய்லருக்குள் விட முடியாது. ஆகவே பாய்லர் பங்கில் பெரிதாகக் கை வைக்க வழியில்லை.

இப்போது அவர்கள் கணக்கைப் பாருங்கள். 1.6லிருந்து 1.12 என்றால் 0.48 குறைய வேண்டும். பாய்லர் போக மீதி இருப்பது ஏறக்குறைய 1.0 மட்டும். அதில் பாதியைக் குறைப்போம் என்கிறார்கள். இயந்திரத்தை மாற்றாமல் இது நடக்காது. நடக்கக்கூடிய வழிகள்: எண்ணெய் பிரிக்கும் இடத்தில் எண்ணெய், தண்ணீர், சேறு மூன்றையும் சுழற்றிப் பிரிக்கும் மூன்று பிரிவு டிகேன்டர் வைப்பது (பழம் பிழியும் பிரஸ்ஸில் ஊற்றும் தண்ணீர் குறையும்), கொட்டையின் பருப்பையும் ஓட்டையும் பிரிக்கக் களிமண் தொட்டிக்கோ ஹைட்ரோசைக்ளோனுக்கோ (நீர்ச்சுழல் பிரிப்பான்) பதிலாகக் காற்றால் தூற்றும் கோபுரம் வைப்பது, டர்பைன் ஆயில் கூலர் தண்ணீரைக் கானில் (வடிகால்) விடாமல் சுற்றுக்கு விடுவது, பாய்லர் ப்ளோடவுன் தண்ணீரை (உப்பு சேராமல் அவ்வப்போது வெளியே விடுவது) தளம் கழுவ எடுப்பது. கூட்டத்தில் கேளுங்கள்: இதில் எதை, எந்த ஆண்டு வைத்தீர்கள்? பதில் "விழிப்புணர்வுப் பிரச்சாரம்" என்று வந்தால் அந்த 20% வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

இயந்திரம் மாற்றாமல் பிரஸ்ஸில் ஊற்றும் தண்ணீரை மட்டும் மூடினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழம்பு கெட்டியாகி, எண்ணெய் மிதந்து பிரியும் கிளாரிஃபையர் தொட்டியில் 90 டிகிரியிலும் எண்ணெய் மேலே வராது. சேற்றோடு எண்ணெய் வெளியே போகும். மேலிடம் மேனேஜரிடம் தினமும் கேட்பது குலையிலிருந்து கிடைத்த எண்ணெய் சதவீதம். அது 20-லிருந்து 19.7க்கு இறங்கினால் இரவு ஷிப்டில் வால்வு தானாகத் திறந்துகொள்ளும்.

அடுத்தது மீட்டர். நான் கூட்டத்துக்குப் போனால் முதலில் கேட்பது இதைத்தான். 2021-ல் எப்படி அளந்தார்கள்? ஆற்று பம்ப் ஓடிய மணி நேரத்தைப் பம்பின் தகட்டில் உள்ள அளவால் பெருக்கி எழுதுவது பழைய வழக்கம். பம்ப் தகடு மணிக்கு 100 கன மீட்டர் என்று சொல்லும். மணல் தின்ற இம்பெல்லரோ (பம்பின் உள்சக்கரம்) 80 தான் தள்ளும். பிறகு ஓர் ஆண்டில் மின்காந்த மீட்டர் வைக்கிறார்கள், அது உள்ளபடி 80 என்று காட்டுகிறது. எந்தக் குழாயையும் மூடாமல் 20% "சேமிப்பு". உங்கள் கையேட்டில் உள்ள எண்ணும் அச்சாக அதே 20 என்பதால் சொல்கிறேன். தற்செயலாகவும் இருக்கலாம்.

மீட்டர் மாறிய தேதி, அளவைச் சரிபார்த்த சான்றிதழ், மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு நேர்க்குழாய் இருக்கிறதா, இவை மூன்றும் போதும். வளைவுக்குப் பக்கத்தில் மாட்டிய மீட்டர் எந்தப் பக்கமும் பொய் சொல்லும். சுழல்சக்கர மீட்டரை வண்டல் ஆற்றுத் தண்ணீரில் வைத்தால் சக்கரம் சிக்கிக் குறைவாகக் காட்டும், அதுவும் கம்பெனிக்குச் சாதகமாக.

கிராணி கணக்கு

மேலே சொன்னது அளவை. அதை எந்த எண்ணால் (குலை டன்) வகுக்கிறார்கள் என்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

அடிப்படை ஆண்டு ஏன் 2021? கோவிட் காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் வராமல் குலை வெட்ட ஆளில்லாத ஆண்டு அது. நாட்டின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2020-ல் 1 கோடியே 91 லட்சம் டன், 2021-ல் 1 கோடியே 81 லட்சம். குலை குறைந்தாலும் மில்லில் சில தண்ணீர்ச் செலவு குறையாது. பாய்லர் ஏற்றுவது, தொட்டிகளை நிரப்புவது, தளம் கழுவுவது, மணல் வடிகட்டியைப் பின்னோட்டமாக அலசுவது எல்லாம் 300 டன் வந்தாலும் 800 டன் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அரை நாள் ஓடி நிற்கிற மில்லில் டன்னுக்கான தண்ணீர் தானாகவே உயரும். ஆள் வந்து குலை பெருகியதும் தானாகவே இறங்கும். அந்த இறக்கத்துக்குப் பேனர் கட்டத் தேவையில்லை. 2018, 2019 எண்களைக் கேளுங்கள். அப்போதே 1.35 ஆக இருந்திருந்தால் 2021-ன் 1.6 ஒரு மேடு, அவ்வளவுதான்.

இன்னொன்று, டன்னுக்கு எவ்வளவு என்பதும் மொத்தம் எவ்வளவு என்பதும் வேறு. ஓர் உதாரணக் கணக்கு (எண்கள் என் கற்பனை, உங்கள் மில்லுடையதைப் போட்டுப் பாருங்கள்):

2021: 1,80,000 டன் குலை × 1.6 = 2,88,000 கன மீட்டர்.
இப்போது: 2,30,000 டன் × 1.28 = 2,94,400 கன மீட்டர்.

பேனரில் 20% குறைவு. ஆற்றிலிருந்து எடுத்தது 6,400 கன மீட்டர் கூடுதல். இரண்டும் உண்மை. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். சிலாங்கூரில் ஆற்று நீர் எடுக்க லுவாஸ் (மாநில நீர் நிர்வாக வாரியம்) உரிமம் வேண்டும். அந்த உரிமத்தின்படி ஆண்டுக்கு எடுத்த மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் டன் கணக்குக்குள் ஒளிய இடமில்லை.

எல்லைக்கோட்டையும் விடாதீர்கள். பல தோட்டங்களில் தொழிலாளர் வீடுகளுக்குத் தண்ணீர் போவது மில்லின் சுத்திகரிப்புத் தொட்டியிலிருந்துதான், அதுவும் சேர்ந்தே மில் கணக்கில் வரும். நடுவில் ஓர் ஆண்டு அந்த லைன் வீடுகளை ஆயர் சிலாங்கூர் (மாநிலக் குடிநீர் நிறுவனம்) குழாய்க்கு மாற்றியிருந்தால் மில்லின் எண் அழகாக இறங்கியிருக்கும். மாற்றம் நல்லதே. 1990-ம் ஆண்டின் 446-வது சட்டப்படி பொதுக்குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தர வேண்டியது கடமை. ஆனால் கடமையைச் செய்ததை எப்படிச் சேமிப்பு என்று எழுதுவது? சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர்தான் இப்போது வேறு குழாயில் வருகிறது.

நடுநிலை நாகு

கொஞ்சம் எதிர்க்கட்சி பேசுகிறேன். "உள்நோக்கம் என்ன" என்று துருவுவதில் பயனில்லை, நோக்கம் பணம்தான். எந்தப் பணம் என்று பார்த்தால், எந்த வாக்குறுதி நிற்கும், எது பேனரோடு வெயிலில் வெளுக்கும் என்று தெரிந்துவிடும்.

ஆற்றுத் தண்ணீர் மில்லுக்கு மலிவு. படிகாரமும் பம்ப் கரண்டும்தான் செலவு. ஆனால் சூடான தண்ணீர் மலிவில்லை. ஒரு கன மீட்டரை 28 டிகிரியிலிருந்து 90க்கு ஏற்ற ஏறக்குறைய 120 கிலோ நீராவி வேண்டும். அந்த நீராவிக்கு எரிவது நாரும் கொட்டை ஓடும். ஓட்டுக்கு இன்று வெளியே நல்ல விலை, லோரி லோரியாகப் போகிறது. சுடுதண்ணீர் மிச்சமானால் ஓடு மிச்சம், கழிவும் குறைவதால் குளம் தூர்வாரும் செலவும் தள்ளிப்போகும். ஆக டிகேன்டர் வைத்திருந்தால் அதை நம்பலாம், லாபம் வருகிற வரை கழற்ற மாட்டார்கள்.

இரண்டாவது பணம் வங்கி. பசுமை இலக்கோடு கட்டிய கடன்களில், சொன்ன எண்ணை எட்டினால் வட்டி சற்றுக் குறையும், எட்டாவிட்டால் கூடும். உங்கள் மில்லின் 30% அப்படி ஒரு கடன் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வெளித் தணிக்கையாளர் அந்த எண்ணைப் பார்த்துக் கையெழுத்திட்டிருப்பார், அறிக்கையைக் கேட்கலாம். எனக்கு மரக்கன்றைவிட வட்டிமேல் நம்பிக்கை அதிகம்.

மூன்றாவது சந்தை. எம்.எஸ்.பி.ஓ. (நீடித்த செம்பனை எண்ணெய்க்கான மலேசியச்) சான்றிதழ் 2020 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் கட்டாயம். ஐரோப்பாவுக்கு விற்பவர்கள் ஆர்.எஸ்.பி.ஓ.வும் (அதேபோன்ற அனைத்துலகச் சான்றிதழ்) வைத்திருப்பார்கள். அதன் 2018 விதிமுறை 7.8.4 சொல்வது, டன் குலைக்கு மில் எடுக்கும் தண்ணீரைக் கண்காணித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று. குறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே "சான்றிதழ் இருக்கிறது" என்பது பதிவேடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. பதிவேடு இருப்பது உங்களுக்கு நல்லது, காட்டச் சொல்லலாம்.

பெரிய கம்பெனிகளின் வரலாறும் இதே பாடம்தான். கோக்கா கோலா 2007-ல், பயன்படுத்தும் ஒவ்வொரு சொட்டையும் இயற்கைக்குத் திருப்பித் தருவோம் என்றது. 2015-லேயே இலக்கை முடித்துவிட்டோம் என்று 2016-ல் அறிவித்தது. ஈடுகட்டிய கணக்கு பாட்டிலுக்குள் போன பானத்தின் அளவுக்குத்தான். அந்தச் சீனிக்காகக் கரும்புக் காடு குடித்த தண்ணீர் அதில் சேரவில்லை. இத்தனைக்கும் கேரளத்தில் பிளாச்சிமடா ஆலை 2000-ல் திறந்து, கிணறுகள் கெட்டு ஊரே உட்கார்ந்து போராடி, 2004-ல் நின்றுபோன பிறகு வந்த வாக்குறுதி அது. ஒரு நாட்டில் நட்ட காடு இன்னொரு நாட்டுக் கிணற்றை நிரப்பாது.

பாய்லர் மேடை

நாகு அண்ணே, ஓடு கணக்கு சரி. ஆனால் ஓடு விற்காமல் முழுவதையும் பாய்லரிலேயே போடும் மில்களும் இருக்கின்றன. அங்கே உங்கள் காரணம் நிற்காது. "கொட்டை ஓடு விற்கிறீர்களா?" என்பதையும் கேள்விப் பட்டியலில் சேர்க்கலாம், யாரும் அதற்குத் தயாராக வந்திருக்க மாட்டார்கள்.

கழிவுக் குளம்

எல்லோரும் உள்ளே போகும் தண்ணீரைப் பேசுகிறீர்கள். ஆற்றோரத்தில் குடியிருப்பவருக்கு வெளியே வருவதுதான் முக்கியம். 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றின் மூன்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் மூடப்பட்டு, சுமார் 12 லட்சம் இணைப்புகளில் தண்ணீர் நின்றது. ஆற்றில் தண்ணீர் இல்லாமல் அல்ல, நாறியதால்.

மில் கழிவு கொதிக்கக் கொதிக்க வெளியே வரும்போது அதன் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து இழுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 25,000 மி.கி. அளவில் இருக்கும். ஆற்றில் விட 1977-ம் ஆண்டு விதிகளின் இறுதி வரம்பு 100. சுற்றுச்சூழல் இலாகா சில இடங்களுக்கு உரிமத்தில் 50, 20 என்றும் இறுக்கும். உங்கள் மில்லின் உரிமத்தில் எந்த எண் என்று கேளுங்கள்.

"ஆற்றில் விடுவதில்லை" என்ற வரியை நிறுத்தி விசாரியுங்கள். பெரும்பாலும் அதன் பொருள், அரைகுறையாகச் சுத்தமான கழிவைத் தோட்டத்துக்குள் வரப்புப் பாத்திகளில் பாய்ச்சுகிறோம் என்பது. அதற்கு வரம்பு 5,000, ஆற்று வரம்பைப்போல் 50 மடங்கு. பொட்டாசியமும் நைட்ரஜனும் இருப்பதால் உரச்செலவு குறையும், தப்பான முறையும் அல்ல. ஆனால் அது மேட்டு நிலத்து யோசனை. கோல சிலாங்கூர் கரையோரக் களிமண், நிலத்தடி நீர் முழங்கால் ஆழத்தில். கனமழை பெய்தால் பாத்தி நிரம்பி வயல் கானுக்கு, கானிலிருந்து மதகு வழியாக ஆற்றுக்கு. மதகு கடல் இறக்கத்தின்போது திறக்கும், அப்போது கானின் நிறத்தைப் பாருங்கள். தேநீர் நிறம் என்றால் கூட்டத்தில் கேட்க வேண்டியது: எத்தனை ஹெக்டேரில் பாய்ச்சுகிறீர்கள், மழை நாளில் நிறுத்திவைக்க எத்தனை நாள் கொள்ளளவு உள்ள குளம் இருக்கிறது?

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். உண்மையாகத் தண்ணீரைச் சேமிக்கும் மில்லை இந்த விதி தண்டிக்கிறது. ஆண்டுக்கு 1,50,000 கன மீட்டர் கழிவை 95 மி.கி.யில் விட்டால் ஆற்றுக்குப் போகும் சுமை 14.25 டன், விதிப்படி சரி. அதே மில் தண்ணீரைக் குறைத்து 1,05,000 கன மீட்டரை 130 மி.கி.யில் விட்டால் சுமை 13.65 டன். ஆற்றுக்கு நல்லது, ஆனால் விதிமீறல். அதனால்தான் பல மில்களில் கழுவு தண்ணீரைக் குறைக்க மனசு வராது, அது கழிவை நீர்த்துக் காட்டுகிறது. எனவே மி.கி. எண்ணோடு நிற்காமல் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பி.ஓ.டி. என்று கேளுங்கள்.

பணம் என்று நாகு சொன்னதால் இதையும் வைத்துக்கொள்ளுங்கள். 1977 விதிகள் வைத்த கழிவுக் கட்டணம், ஆற்றில் விடும் பி.ஓ.டி. டன்னுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்). மேலே உள்ள 14.25 டன்னுக்கு அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 142 வெள்ளி 50 காசு. பேனர் அச்சடித்த செலவு அதைவிடக் கூடுதலாக இருக்கும். பயம் இருக்க வேண்டியது அபராதத்தில்தான். 2024-ல் சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தி உச்ச அபராதத்தை 1 கோடி வெள்ளியாக்கினார்கள்.

ஆண்டுச் சராசரியையும் நம்பாதீர்கள், மாதவாரியாகக் கேளுங்கள். குலை அதிகம் வருவது ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் வரை, அதையொட்டி மழையும் வந்துவிடும். ஆறு மெலிந்து, கடல் உப்பு மேலே ஏறி, கம்போங் குவாந்தான் பக்கம் மின்மினி உட்காரும் பெரெம்பாங் மரங்கள்வரை அதன் வாடை படுவது வறண்ட மாதங்களில். மழை மாதத்தில் சேமித்த தண்ணீர் அப்போது உதவாது. அந்த வறண்ட மாதங்களில் எவ்வளவு எடுத்தார்கள், ஆற்று மட்டம் எதற்குக் கீழே போனால் பம்பை நிறுத்துவார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆற்றோரத் தாமான்

எல்லோருக்கும் நன்றி. 2018 முதல் மாதவாரியாகக் குலை டன், எடுத்த தண்ணீர், வெளியேறிய கழிவு, பி.ஓ.டி. என்று நான்கு பத்தி அட்டவணை கேட்டுச் சங்கத்தின் பெயரில் முன்கூட்டியே கடிதம் போடுகிறோம். மீட்டர் மாற்றிய தேதி தனி வரி. பள்ளித் தொட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதை அவர்கள் "ஆண்டுக்கு 480 கன மீட்டர் திருப்பித் தருகிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள். தொட்டி ஒவ்வொன்றும் 2,000 லிட்டர்.

கிராணி கணக்கு

480 எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். கட்டடம் ஒன்றுக்கு 100 சதுர மீட்டர் கூரை, ஆண்டு மழை 2,000 மி.மீ., 0.8 வடிகால் என்று போட்டால் 160 கன மீட்டர். மூன்றுக்கு 480. அது கூரையில் விழும் மழை, தொட்டியில் பிடிக்கும் மழை அல்ல. அந்தக் கூரைக்கு 25 மி.மீ. மழையிலேயே 2,000 லிட்டர் நிரம்பிவிடும், நம் ஊர் மாலை மழைக்கு அது அரை மணி நேர வேலை. பிறகு வருவதெல்லாம் வழிந்து கானுக்குப் போகும். பள்ளி ஒரு நாளைக்குக் கழிப்பறைக்கும் செடிக்கும் 300 லிட்டர் எடுத்தால், தொட்டி எப்போதும் நிரம்பியே இருந்தாலும் 190 பள்ளி நாளுக்கு 57 கன மீட்டர்தான். தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயில் 30 வெள்ளி மீட்டர் ஒன்றை மாட்டச் சொல்லுங்கள், சண்டை முடியும். 480 முழுவதும் உண்மையாகவே இருந்தாலும் என் உதாரணக் கணக்கில் மில் எடுப்பதில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை.

தொட்டியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வறட்சியில் கழிப்பறைக்கு உதவும். ஆனால் வாங்கும்போது நிபந்தனை போடுங்கள்: முதல் மழை அழுக்கைத் தள்ளிவிடும் குழாய் (100 சதுர மீட்டர் கூரைக்கு 50 முதல் 100 லிட்டர்), மூடிக்கும் வழிகுழாய்க்கும் 1 மி.மீ.க்கு மிகாத கண்ணுள்ள எஃகு வலை, அடியில் சேறு திறந்துவிட வால்வு, குழாயில் "குடிக்க அல்ல" என்ற பலகை. வலை கிழிந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதார இலாகா வந்தால் அபராதம் கட்டப்போவது பள்ளி. ஆகவே பராமரிப்பு ஐந்து ஆண்டுக்குக் கம்பெனி பொறுப்பு என்று எழுதி வாங்கிவிட்டு ரிப்பன் வெட்டட்டும்.